காவற்கணுவும் கைப்பழக்கமும்

வைத்திய சாஸ்திரத்தில் ஒரு புதுமுறை தோன்றுமிடத்து, அதனை முதலிற் கண்டவர் கையில் அது பெற்ற வெற்றியை மற்றெவர் கையிலும் உடனே பெறுமென்று எண்ணுதல் பெரும்பான்மையோர் இயல்பு. அவ்வெண்ணம் எத்துணை பொருந்தும் என்பதைக் கணக்கிட்டுக் காண இடந்தந்த சிகிச்சைகள் சிலவே. அவற்றுள் ஒன்று, மார்பகப் புற்றுநோயுற்ற பெண்டிரின் அக்குளில் ‘காவற்கணு’ என்னும் ஒன்றைத் தேடி எடுக்கும் சத்திர சிகிச்சை. அதன் வெற்றி, அதனைச் செய்யும் வைத்தியசாலையின் அனுபவத்தைப் பொறுத்து எங்ஙனம் ஏறியும் இறங்கியும் நிற்கின்றது என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நம் உடலில் இரத்தக் குழாய்களையன்றி வேறொரு குழாய்த் தொகுதியும் உண்டு. உடலின் பல பாகங்களிலும் கசிந்து நிற்கும் தெளிந்த நீரைத் திரட்டி மீண்டும் இரத்தத்திற் சேர்ப்பது அதன் தொழில். அந்நீரை நிணநீர் என்பர். அஃது இரத்தத்தை அடையுமுன் மொச்சைக் கொட்டை போன்ற சிறு கணுக்களிற் புகுந்து வடிகட்டப் பெறுகின்றது. காலிற் புண்பட்டவர்க்குத் தொடையிடுக்கில் ‘நெறி கட்டிற்று’ என்று நம் வீடுகளிற் சொல்வது இக்கணுக்கள் வீங்குவதையே. மார்பகத்தினின்று வரும் நிணநீரின் பெரும்பகுதி அக்குளிலுள்ள கணுக்களுக்குச் செல்லும். புற்றுநோய் மார்பகத்தை விட்டுப் புறப்படுமாயின் அது பெரும்பாலும் முதலில் வந்து தங்குமிடமும் அதுவே. ஆகலின் அக்குட் கணுக்களில் நோயுண்டா இல்லையா என்பது, மேற்கொண்டு கொடுக்கவேண்டிய மருந்து யாது, கதிர்ச் சிகிச்சை வேண்டுமா என்பவற்றைத் தீர்மானிக்கும் பெரிய கேள்வியாயிற்று.

அக்கேள்விக்கு விடை காணும் பழைய வழி மிகக் கடுமையானது. பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியசாலையைச் சார்ந்த வில்லியம் ஹால்ஸ்டெட் 1894-இல் வெளியிட்ட முறைப்படி, மார்பகமும் அதன் கீழுள்ள தசைகளும் அக்குட் கணுக்களும் ஒருங்கே அகற்றப்பட்டன. தசைகளை விட்டுவைக்கும் வழக்கம் பின்னர் வந்ததெனினும், அக்குளைத் துப்புரவாக வழித்தெடுத்தல் இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை நீடித்தது. அதற்குப் பெண்டிர் கொடுத்த விலை சிறிதன்று. நிணநீர் வடியும் வழி அறுபட்டமையாற் கை வீங்கிப் பருத்தது. தோள் மடங்க மறுத்தது. மேற்கையின் உட்புறம் மரத்துப் போயிற்று. கைவளையைக் கழற்றவும் ஏற்றவும் இயலாத நிலை ஆயுள் முழுவதும் தொடர்ந்தாரும் பலர். நோயின் தொடக்கத்திலேயே வந்து சேர்ந்தவர்களுட் பெரும்பாலோர்க்கோ கணுக்களில் நோயே இருந்ததில்லை. இல்லாத நோயை இல்லையென்று அறிவதற்காகவே அவர்கள் இத்தனையும் பட்டனர்.

இந்நிலையை மாற்றியது ஓர் எளிய கருத்து. ஓர் ஊருக்குள் வரும் வண்டிகளெல்லாம் முதலில் ஒரு சுங்கச் சாவடியைக் கடந்தே வரவேண்டுமாயின், கள்ளச் சரக்கு வந்ததா என அறிய ஊர் முழுவதையும் சோதிக்க வேண்டுவதில்லை. சாவடியைச் சோதித்தாற் போதும். அங்ஙனமே மார்பகத்து நிணநீரை முதலில் ஏற்கும் கணு ஒன்றோ இரண்டோ உண்டெனின், அதில் நோயில்லையாயின் மற்றவற்றிலும் இல்லையென்று கொள்ளலாம். அக்கணுவே காவற்கணு. கலிபோர்னியாவில் டொனால்ட் மார்ட்டன் என்பார் தோலில் உண்டாகும் கரும்புற்றுக்கு நீலச் சாயத்தைக் கொண்டு இதனைத் தேடும் வழியை 1992-இல் வெளியிட்டார். மறு ஆண்டில் டேவிட் கிராக் என்பார், கதிர் வீசும் மருந்தைச் செலுத்தி அக்கதிரை உணரும் கருவியால் மார்பக நோயாளரின் காவற்கணுவைத் தேடினார். 1994-இல் ஆர்மாண்டோ ஜூலியானோ என்பார் மார்பக நோய்க்கு நீலச் சாயத்தையே பயன்படுத்தி 174 சிகிச்சைகளின் விவரத்தை வெளியிட்டார்.

நாம் எடுத்துக்கொண்ட விஷயம் இங்கேதான் தொடங்குகின்றது. ஜூலியானோவும் அவர் குழுவினரும் புகழ்பெற்ற நிபுணர்கள். எனினும் அந்த 174-இல் காவற்கணு அகப்பட்டது 114-இல் மட்டுமே. அஃதாவது நூற்றுக்கு 65.5. மூன்றில் ஒரு பங்கில் கணு கண்ணுக்கே தென்படவில்லை. அகப்பட்டவற்றுள்ளும் ஐந்து கணுக்கள் தவறான செய்தியைத் தந்தன. அவ்வைந்தும் ஆராய்ச்சியின் முற்பகுதியிலேயே நிகழ்ந்தன என்பதும், பின்னர்ச் செய்த 87 சிகிச்சைகளில் அகப்பட்ட கணு ஒன்றேனும் பொய்க்கவில்லை என்பதும் அவர்களே எழுதிவைத்த செய்தி. கத்தியும் சாயமும் அவையே. இடையில் மாறியது கையே. தம் தொடக்கத் தடுமாற்றத்தை மறையாது அச்சிட்ட அவர்களது நேர்மையை நாம் வியக்கின்றோம். பின்வந்தோர் பலர் எச்சரிக்கையுடன் தொடங்கியதற்கு அதுவே காரணமாயிற்று.

மேலே குறித்த இருவகைத் தவறுகளையும் வாசகர் வேறு பிரித்து அறிதல் வேண்டும். ஒன்று, கணு அகப்படாமை. இது சிகிச்சை மேசையிலேயே தெரிந்துவிடும். உடனே பழைய முறைப்படி அக்குளை வழித்தெடுக்கலாம். நோயாளிக்கு வசதி குறையுமேயன்றி ஆபத்து மிகாது. மற்றொன்று, கணு அகப்பட்டு, அதில் நோயில்லையென்று கூறப்பட்டு, உண்மையில் வேறு கணுவில் நோய் ஒளிந்திருப்பது. இதனை நாம் ‘பொய்த் தீர்ப்பு’ என்போம். இஃது எவர்க்கும் உடனே தெரியாது. வைத்தியர் மகிழ்ச்சியோடு தையலிடுகின்றார். நோயாளி நிம்மதியோடு வீடு செல்கின்றாள். ஆண்டுகள் கடந்தபின் வெளிப்படினும் வெளிப்படலாம். வெளிப்படாது போயினும் போகலாம். அனுபவமில்லாத வைத்தியசாலைக்கும் அனுபவமுள்ள வைத்தியசாலைக்கும் உள்ள வேற்றுமையில் எளிதிற் புலப்படுவது முதலாவது. பொருட்படுத்தத் தக்கது இரண்டாவது.

1998-இல் கிராக்கும் பிறரும் வெளியிட்ட ஆராய்ச்சி இவ்வேற்றுமையை உலகறியச் செய்தது. 11 சத்திர வைத்தியர்கள் 443 பெண்டிருக்குக் காவற்கணுவைத் தேடி எடுத்தபின், சரிபார்க்கும் பொருட்டு அக்குளின் மற்றக் கணுக்களையும் எடுத்தனர். 413 பேரிடத்தில், நூற்றுக்கு 93 விகிதம், கதிர் காட்டிய இடம் கிடைத்தது. இது பெருமைப்படத் தக்க எண்ணே. ஆயின் கணுக்களில் உண்மையாகவே நோயிருந்த 114 பேருள் 13 பேரிடத்திற் காவற்கணு நோயில்லையென்று பொய் உரைத்தது, நூற்றுக்கு 11.4. இச்சராசரிக்குள் ஒளிந்திருந்ததே நாம் நோக்கவேண்டியது. பதினொருவருள் சிலரிடத்துப் பொய்த் தீர்ப்பு ஒன்றுமில்லை. ஒருவரிடத்து அது நூற்றுக்கு 28.6 வரை உயர்ந்திருந்தது. ஒரே முறையைக் கற்று ஒரே விதிகளுக்குட்பட்டுச் செய்தவர்களிடையேயே இவ்வளவு தூரம்.

அங்ஙனமாயின் கை கற்றுக்கொள்வது யாது? சாயத்தைக் காம்பைச் சூழ்ந்த கருவட்டத்தின் அருகிற் செலுத்தி, சில நிமிஷம் மெல்லப் பிசைந்து, பின் அக்குளைத் திறத்தல் வேண்டும். விரைந்து திறந்தாற் சாயம் வந்து சேர்ந்திராது. நெடிது தாமதித்தால் அது காவற்கணுவைக் கடந்து அடுத்த கணுக்களிலும் பரவிவிடும். நூலினும் மெல்லிய நீலக் குழாயை அறுத்துவிடாமல் அது செல்லும் வழியே சென்று கணுவைக் காணல் வேண்டும். அறுபட்டால் அவ்விடமெங்கும் நீலமாகி வழி தெரியாது. கதிர்க் கருவியோ, மருந்து செலுத்திய இடம் அக்குளுக்கு அருகிலிருப்பின் அங்கிருந்து வரும் ஒலியால் மயங்கும். கருவியை எத்திசை நோக்கிச் சாய்த்தால் அம்மயக்கம் நீங்கும் என்பதை ஒரு நூலும் கற்பியாது. முதற்கணு கிடைத்தவுடன் நிறுத்திவிடுதலும் புதியவரின் குறை. மிகுதியாகக் கதிர் வீசும் கணுவின் எண்ணிக்கையிற் பத்திலொரு பங்குக்கு மேல் காட்டும் கணுக்கள் யாவற்றையும் எடுத்தல் வேண்டுமென்பது வழக்கிலுள்ள விதி.

இவற்றினும் நுட்பமான பொறி ஒன்றுண்டு. புற்றுநோய் ஒரு கணுவை முற்றும் நிரப்பிவிடுமாயின் அக்கணுவிற்குள் நிணநீர் புகவியலாது. ஆகவே சாயமும் புகாது, கதிர் மருந்தும் புகாது. நீர் வேறு வழி தேடி அயலிலுள்ள நல்ல கணுவைச் சேரும். சாயத்தையே நம்பியவர் அந்த நல்ல கணுவை எடுத்துக்கொண்டு, நோய் நிறைந்ததை விட்டுச் செல்வர். பழகிய வைத்தியர் முடிக்குமுன் விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பர். கல்லெனக் கடினமான கணு தட்டுப்படின், அது நீலமாயிருந்தாலும் இல்லாவிட்டாலும் எடுத்துவிடுவர். இவ்வளவு கருவிகளுக்கிடையே விரலுக்கும் ஓரிடம் எஞ்சியிருத்தல் நமக்கு ஒருவகையில் மகிழ்ச்சியே.

இதுகாறும் சத்திர வைத்தியரின் கையையே பேசினோம். உண்மையில் இதில் வேலை செய்யும் கைகள் பல. கதிர் மருந்தாகிய டெக்னீஷியம் ஆறு மணி நேரத்திற் பாதியாகக் குறைந்துவிடும் இயல்புடையது. அதனைச் செலுத்தும் பகுதியாரும் சிகிச்சை அறையினரும் காலத்தை ஒத்துக்கொண்டாலன்றிப் பயனில்லை. அதன் துகள்கள் மிகப் பெரியவாயின் செலுத்திய இடத்திலேயே நின்றுவிடும். மிகச் சிறியவாயின் காவற்கணுவிற் தங்காமல் ஓடிவிடும். நீலச் சாயம் சிலர்க்கு ஒவ்வாமல் இரத்த அழுத்தம் திடீரென வீழும். மயக்க மருந்து கொடுப்போர் அதனை எதிர்பார்த்திருத்தல் வேண்டும். கணு வெளியே வந்தபின் நோய்க்கூற்று நிபுணரின் வேலை தொடங்குகின்றது. ஒரு கணுவை நடுவே பிளந்து ஒரு துண்டை மட்டும் பார்ப்பதற்கும், இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியிற் பலவாக அரிந்து பார்ப்பதற்கும் வேற்றுமை மிகுதி. சத்திர வைத்தியர் சரியான கணுவையே எடுத்துத் தந்தும், அரிந்து பார்ப்போர் பழக்கமின்மையாற் பொய்த் தீர்ப்பு நேர்தல் உண்டு. நுண்ணோக்கியின் கீழ் நேர்ந்த இத்தவறு யாருடைய கணக்கிலும் ஏறுவதில்லை. ஆகலின், தனியொருவரது அனுபவத்தைவிட வைத்தியசாலையின் அனுபவம் என்று கூறுதலே பொருத்தமுடையது. எல்லா வசதியும் இல்லாத இடங்களில், நம் கல்லூரிப் பரிசோதனைச் சாலையில் மாணவர் நுண்ணோக்கிக்குச் சாயமேற்றப் பயன்படுத்தும் அதே மெதிலீன் நீலத்தைத் தூய்மைப்படுத்திக் கையாள்வதும் உண்டு. விலை மலிவு; ஆயின் கதிரின் துணையின்றிச் சாயமொன்றையே கொண்டு தேடுமிடத்துப் பழக்கம் இன்னும் மிகுதியாக வேண்டும்.

எத்தனை செய்தாற் போதும் என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. புளோரிடா மாகாணத்து டாம்பா நகரில் மாஃபிட் புற்றுநோய் நிலையத்தார் தம் வைத்தியர்களின் கணக்கை ஆராய்ந்தனர். மாதம் மூன்றுக்குக் குறைவாகச் செய்தோர்க்குக் கணு அகப்பட்டது ஏறக்குறைய நூற்றுக்கு 86. மூன்று முதல் ஆறு வரை செய்தோர்க்கு 89. ஆறுக்கு மேற் செய்தோர்க்கு 98. ஒருகாலத்துக் கற்றதனோடு அமையாது, கை ஓயாதிருத்தலும் வேண்டுமென்பது இதனால் விளங்கும். எனினும் மிகுதியாகச் செய்வதால் திறமை வந்ததா, திறமையால் மிகுதியாக வருகின்றனரா என்பதை இவ்வெண்கள் தாமே சொல்லமாட்டா. பெரிய வைத்தியசாலைக்கு வருவோரின் வயதும் உடற்பருமனும் நோயின் நிலையும் வேறாதலும் கூடும். முதியவரிடத்தும் பருத்த உடலினரிடத்தும் கணு அகப்படுதல் எவர் கையிலும் அரிது.

அமெரிக்க மார்பகச் சத்திர வைத்தியர் சங்கம் 2000-ஆம் ஆண்டில், 20 பேரிடத்துக் காவற்கணுவையும் பின் மற்றக் கணுக்களையும் எடுத்துச் சரிபார்த்த பின்னரே, அல்லது கற்றவர் துணையுடன் செய்த பின்னரே, காவற்கணுவை மட்டும் நம்பலாம் என்றது. கணு அகப்படுதல் நூற்றுக்கு 85-க்குக் குறையாமலும் பொய்த் தீர்ப்பு 5-க்கு மிகாமலும் இருத்தல் வேண்டும் என்பது அவர்கள் வகுத்த எல்லை. இவ்விதியின் நோக்கம் நன்று. ஆயினும் நம் கணித மாணவர் இதனைச் சற்றே சோதித்துப் பார்ப்பாராக. 20 பேருள் கணுவில் நோயுள்ளவர் மூன்றிலொரு பங்கென்று கொண்டால் ஏழு பேர். அவ்வேழில் ஒன்று தவறினாற் பொய்த் தீர்ப்பு நூற்றுக்கு 14. ஒன்றும் தவறாவிடிற் சுழியம். இடையிலுள்ள 5 என்னும் எண்ணை அடைய வழியே இல்லை. மேலும், உண்மையில் நூற்றுக்கு 15 விகிதம் தவறும் ஒரு வைத்தியர் அவ்வேழிலும் தற்செயலாகத் தவறாதிருக்கும் வாய்ப்பு 0.85-ஐ ஏழு முறை பெருக்கினால் வரும், அது 0.32. அஃதாவது அத்தகையோர் மூவருள் ஒருவர் குற்றமற்றவராகத் தேறிவிடுவர். ஆண்டுக்கு 20 பேர்க்குச் செய்யும் சிறிய வைத்தியசாலையில் நோயுள்ள கணுவுடையார் ஐவரென்றும், பொய்த் தீர்ப்பு பத்திலொன்று என்றும் கொண்டால், அங்கே இரண்டாண்டுக்கு ஒரு தவறு நேரும். அத்தவறும் வெளிப்படையாகத் தோன்றாது. தம் விகிதம் யாதென அந்த வைத்தியசாலை தன் அனுபவத்தினின்று அறியவே இயலாது. அனுபவக் குறைவின் பெருந்தீங்கு இதுவென்பது நமது அபிப்பிராயம்: தவறு மிகுதல் ஒருபுறமிருக்க, தவறுகின்றோமா என்று அறியும் வழியும் அடைபட்டுப் போகின்றது.

தவறு தோன்றாதென்று நாம் கூறியதற்கு இத்தாலி நாட்டு மிலான் நகரத்து ஆராய்ச்சி சான்று. உம்பர்ட்டோ வெரோனேசியும் அவர் குழுவினரும் 516 பெண்டிரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியார்க்கு எல்லாக் கணுக்களையும் எடுத்தனர்; மறு பகுதியார்க்குக் காவற்கணுவில் நோய் கண்டால் மட்டுமே மற்றவற்றை எடுத்தனர். முற்பகுதியில் நோயுள்ள கணுவுடையார் 91 பேருள் 8 பேரிடத்துக் காவற்கணு பொய்த்திருந்தது சரிபார்த்தலால் தெரியவந்தது. அவ்விகிதப்படி மறு பகுதியிலும் ஏறக்குறைய அத்தனை பேர்க்கு நோய் அக்குளில் விடப்பட்டிருத்தல் வேண்டும். ஆயின் 2003-இல் முடிவு வெளியானபோது, கணுக்கள் எடுக்கப்படாத 167 பேருள் ஒருவர்க்கேனும் அக்குளில் நோய் தோன்றியிருக்கவில்லை. பின்னர்க் கொடுத்த மருந்தும் கதிரும் அதனை அடக்கியிருக்கலாம், உடலே அடக்கியிருக்கலாம். நோயாளிக்கு இது பெரு நற்செய்தி. தன் கையின் குறையை அறிய விரும்பும் வைத்தியர்க்கோ இது கண்ணைக் கட்டியது போலாகும்.

தக்க பயிற்சியளித்தால் பள்ளம் எவ்வளவு நிரம்பும் என்பதையும் அளந்துள்ளனர். பிரிட்டனில் நிகழ்ந்த ‘அல்மனாக்’ என்னும் ஆராய்ச்சியிற் சேர விரும்பிய வைத்தியர் முதலில் 40 பேரிடத்துச் சரிபார்த்துக் காட்டவேண்டியிருந்தது. 2006-இல் அதன் முடிவு வெளிவந்தபோது, ஓராண்டுக்குப்பின் கைவீக்கம் பழைய முறையில் நூற்றுக்கு 13, புதிய முறையில் 5 எனக் கண்டனர். அமெரிக்காவில் 5,611 பெண்டிரைக் கொண்டு நிகழ்ந்த பேராராய்ச்சியில், வைத்தியர்கள் முன்கூட்டியே பயிற்றப்பட்டனர். அங்கே கணு அகப்பட்டது நூற்றுக்கு 97-க்கு மேல். பொய்த் தீர்ப்போ 9.8; அகப்படுதல் விரைவில் உச்சியை அடைந்தும் பொய்த் தீர்ப்பு அதற்கேற்பத் தாழவில்லை. ஒரே கணுவை எடுத்தோரிடத்து அது 17.7, இரண்டு எடுத்தோரிடத்து 10, மூன்று எடுத்தோரிடத்து 6.9 என்று படிப்படியாகக் குறைந்ததை நோக்குக. ஆயினும் 2010-இல் வெளியான முடிவின்படி, இரு முறைகளுக்கும் உயிர் வாழ்நாளில் வேற்றுமை காணப்படவில்லை.

எல்லாரும் பெரிய வைத்தியசாலைக்கே செல்க என்று சொல்லிவிடுதல் எளிது. தொலைவும் செலவும் வீட்டில் விட்டுவரும் பிள்ளைகளும் அறிந்தவர் அங்ஙனம் சொல்லார். சிறிய வைத்தியசாலைகள் சில சேர்ந்து ஒரே பதிவேடு வைத்து, ஒவ்வொருவர்க்கும் எத்தனை கணு எடுக்கப்பட்டது, எத்தனை அரிவு பார்க்கப்பட்டது, எத்தனை பேரிடத்து அகப்படாமற் போயிற்று என்று எழுதிவருமாயின், தனித்து அறிய இயலாததைக் கூடி அறியலாம். நோயாளியும் சத்திர வைத்தியரை நோக்கி, இங்கே இச்சிகிச்சை ஆண்டுக்கு எத்தனை நிகழ்கின்றது என்று கேட்பதில் அவமரியாதை ஒன்றுமில்லை. நல்ல வைத்தியர் அக்கேள்வியை விரும்புவர்.

இதனிடையே காலம் மாறிவிட்டது. காவற்கணு ஒன்றிரண்டில் நோயிருப்பினும், மார்பகத்தைக் காத்துக் கதிர்ச் சிகிச்சை பெறுவோர்க்கு மற்றக் கணுக்களை எடுக்கவேண்டுவதில்லை என்று 2011-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டியும், நுண்ணொலிப் படத்தில் மாசற்ற அக்குளும் உடையார்க்குக் காவற்கணுவையே தேடாது விடலாம் என்று மிலானிலிருந்து நடத்தப்பட்ட மற்றோர் ஆராய்ச்சி 2023-இல் காட்டியது. ஐந்தாண்டுக்குப்பின் தொலை உறுப்புகளில் நோய் பரவாதிருந்தோர், தேடியவருள் நூற்றுக்கு 97.7, தேடாதவருள் 98. பெண்டிர்க்கு இவை மிக நல்லன. ஆயினும் இவற்றால் ஒரு புதிய இக்கட்டு பிறக்கின்றது. முன்னோர், காவற்கணுவை எடுத்தபின் எல்லாக் கணுக்களையும் எடுத்துத் தம் கையைச் சரிபார்த்துக் கற்றனர். இன்று அச்சரிபார்ப்பை ஒரு பெண்ணின்மேற் செய்தல் முறையன்று. எளியவர்க்குச் சிகிச்சையே வேண்டாதாயிற்று. ஆகவே இளைய வைத்தியர்க்குக் கிடைக்கும் எண்ணிக்கையும் சுருங்குகின்றது.

எஞ்சியிருப்பவரோ கடினமானவர். கணுக்களில் நோயுடன் வந்து, முதலில் மருந்து பெற்று, நோய் அடங்கியபின் சத்திர சிகிச்சைக்கு வருவோர் அவருட் சிலர். மருந்தால் வடுப்பட்ட குழாய்களில் நிணநீர் பழைய வழியே செல்வதில்லை. 2013-இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியில், இத்தகையோரிடத்துப் பொய்த் தீர்ப்பு நூற்றுக்கு 12.6. சாயம், கதிர் இரண்டையும் கையாண்டோரிடத்து அது 10.8; ஒன்றை மட்டும் கையாண்டோரிடத்து 20.3. இரண்டையும் கையாளும் வசதியும், கணு மூன்றுக்குக் குறையாமல் தேடியெடுக்கும் பழக்கமும் எவ்வைத்தியசாலையில் உண்டோ, அங்கேயே இப்பெண்டிர் தம் அக்குளைக் காத்துக்கொள்ள இயலும். மற்ற இடங்களில் ஹால்ஸ்டெட் காலத்து விடையே இன்றும் அவர்களுக்குக் கொடுக்கப்படுகின்றது.